கடலுக்குள்ளும் ஒரு வயல்

பழனிக்கு வருவோரைப் பற்றி எழுதியவர் பலர். பழனியிலிருந்து வெளியே புறப்படுவோரைப் பற்றி எழுதுவார் இல்லை. தைப்பூசக் கூட்டம் வடிந்து, அடிவாரத்துக் கடைக்காரர்கள் கணக்குப் பார்த்து முடித்திருந்த வேளை அது. சாம்பல் புதனுக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. அந்த இடைவெளியில், ஒரு திங்கட்கிழமை விடியுமுன், நாங்கள் மூவர் பழனிப் பேருந்து நிலையத்தில் மூட்டையும் முடிச்சுமாக நின்றோம்.

மூவர் என்றது நம்மையும், நமது பங்கைச் சேர்ந்த ஒரு தம்பதியரையும். கணவர் அரசுப் பேருந்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவற்றுள் ஆறேழு ஆண்டுகள் இராமேசுவரம் வண்டியை ஓட்டினார். இரவில் போய்ச் சேருவார். நிலையத்திலேயே படுத்தெழுந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். கடற்கரைப் பக்கம் ஒருநாளும் போனதில்லை. மனைவியோ வேளாங்கண்ணியில் கால் நனைத்ததோடு சரி. திருமணமான புதிதில், "உன்னைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று அவர் சொன்ன சொல் முப்பத்தைந்து ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. ஓய்வு பெற்ற பின்னர் அம்மையார் அதை எடுத்து வைத்தார். "சாமியும் வந்தாப் போகலாம். இவர் தனியாக் கூட்டிப் போனா பஸ் ஸ்டாண்டைக் காட்டிட்டுத் திரும்பிருவாரு" என்று நம்மிடம் வந்து நின்றார். மறுக்க முடியவில்லை. மறுக்க மனமும் இல்லை என்பதே உண்மை.

ஓட்டுநராய் இருந்தவருடன் பேருந்தில் போவது தனி அனுபவம். முன் இருக்கையில் அமர்ந்து, வலக்காலால் வெறுந்தரையை மிதித்துக்கொண்டே வந்தார். ஆயக்குடியைக் கடக்கையில் ஒரு மிதி. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வந்துகொண்டிருந்த லாரிகளின் நடுவே பல மிதிகள். "பிரேக்கு உங்க கால்ல இல்லைங்க" என்று அம்மையார் இருமுறை நினைவூட்டினார். மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, நகரப் பேருந்தில் மாட்டுத்தாவணி போய், அங்கே இராமேசுவரம் வண்டியைப் பிடித்தோம். பழனியிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கட்டிக்கொண்டு போன ஆயக்குடிக் கொய்யாப்பழம் மானாமதுரைக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

பரமக்குடி தாண்டியதும் நிலத்தின் முகம் மாறுகிறது. பனையும் சீமைக் கருவேலமும் தவிர வேறு பச்சை அரிது. தென்னையும் மாவும் பார்த்துப் பழகிய அம்மையார், "இங்க சனங்க என்னத்தை விதைக்கிறாங்க?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை மூன்று நாள் கழித்துக் கடலில் கிடைத்தது. அதைப் பிறகு சொல்வோம்.

இராமநாதபுரம், உச்சிப்புளி கடந்து மண்டபத்தை நெருங்கும்போது வேதாளை என்னும் சிற்றூர் வருகிறது. பேருந்து நிற்பதும் நிற்காததும் தெரியாமல் கடந்து போகும் ஊர். 1549-ஆம் ஆண்டு அங்கே படையெடுப்பு நேர்ந்தபோது, பெண்களையும் பிள்ளைகளையும் படகேற்றிவிட்டுத் தாம் கரையிலேயே நின்று கொல்லப்பட்டவர் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி எனப் போற்றப்படும் அவருக்கு அப்போது வயது முப்பதுகூட நிறையவில்லை. குருமடத்தில் வரலாற்றுப் பாடத்தில் படித்த பெயர், வழிகாட்டிப் பலகை ஒன்றில் வெயில்பட்டு வெளுத்து நின்றது. ஓட்டுநரிடம் சொன்னோம். "எத்தனையோ தடவை இதைத் தாண்டிப் போயிருக்கேன் சாமி. ஸ்டேஜ் கணக்குத்தான் தெரியும்" என்றார்.

பாம்பன் பாலத்தில் பேருந்து ஏறியது. 1988 அக்டோபர் 2-இல் இச்சாலைப் பாலம் திறக்கப்படும்வரை, 1914-இல் திறந்த இரயில் பாலம் ஒன்றே தீவுக்கு வழி. இப்போது அதன் அருகே, நடுப்பகுதி செங்குத்தாக மேலே உயர்ந்து கப்பலுக்கு வழிவிடும் புதிய இரயில் பாலம் நிற்கிறது. 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பட்டது. எங்கள் அருகே மீன்கூடையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், வலப்புறம் தெற்கே தெரிவது ஆண் கடல், இடப்புறம் வடக்கே தெரிவது பெண் கடல் என்று காட்டினார். மன்னார் வளைகுடா அலை மிகுந்தது. பாக் விரிகுடா அமைதியானது. அதனால் அப்பெயர்கள். "ஆனா ஐப்பசி, கார்த்திகையில வாடைக்காத்து அடிச்சா பொண்ணு கடலும் பொங்கிரும்" என்றார் மூதாட்டி. அம்மையார் கணவரை ஒரு பார்வை பார்த்தார். ஓட்டுநர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் குந்துக்கால் என்னும் துறைக்குச் சென்றோம். 1897 சனவரியில் சுவாமி விவேகானந்தர் மேனாட்டுப் பயணம் முடித்து வந்திறங்கிய இடம். அவர் நினைவாக மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறையின் படகு குருசடைத் தீவுக்குப் போகிறது. அப்பெயரைக் கேட்டவுடன் நம் ஊர்த் தெருமுனைக் குருசடிகளே நினைவுக்கு வந்தன. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் கோர்த்துக் கிடந்த 21 தீவுகளுள் இதுவும் ஒன்று. முசல் தீவு, மனோலி, நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, வான் தீவு என்று அவற்றின் பெயர்களைச் சொல்வதே இனிமையாக இருக்கும். 1986-இல் இவை அனைத்தும் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின.

படகு நகர்ந்தபோது நீருக்கடியில் பழுப்பு நிறத்தில் நிழல்கள் தெரிந்தன. அவைதாம் உயிருள்ள பவளப்பாறைகள் என்றார் படகோட்டி. பாறை என்று சொல்கிறோம். உண்மையில் அது மிகச் சிறிய உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசி குடியிருந்து உணவு ஆக்கித் தருகிறது, நிறமும் அதனாலேயே. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துப்போகும், சூடு நீடித்தால் மடிந்துபோகும். 2010-இலும் 2016-இலும் இவ்வளைகுடாவில் அப்படி ஏராளமாக வெளுத்தது. குடியிருப்பவன் போனால் வீட்டுக்காரனும் பிழைக்கமாட்டான் என்பது விந்தையான வாடகை ஒப்பந்தம்தான்.

தீவின் கரையெங்கும் மடிந்த பவளத்தின் துண்டுகள். கையளவு துண்டு ஒன்றை அம்மையார் எடுத்தார். வெள்ளை வெளேரென்று, மேற்பரப்பு முழுதும் சிறுசிறு நட்சத்திரக் குழிகள். வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்தின் காலடியில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. உடன் வந்த காவலர் இளைஞர் அன்போடு, ஆனால் உறுதியாக, "போட்டுருங்கம்மா, ஒரு துண்டுகூட வெளிய போகக்கூடாது" என்றார். 2001 முதல் பவளம், புலியும் யானையும் போலவே சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அம்மையார் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். சற்று மனத்தாங்கல்தான்.

திரும்பும் வழியில் சின்னப்பாலம். அவ்வூர்ப் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பது அவர்கள் தொழில். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கண்ணுக்கு நீச்சல் கண்ணாடி. பாறை கீறாமலிருக்க விரல்களில் துணிச்சுற்று. காலில் ரப்பர்ச் செருப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கி, கையால் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் இட்டு மேலே வருகிறார்கள். ஒரு நாளில் இப்படி எத்தனை முறை என்று கேட்டோம். யார் எண்ணினார்கள் என்றார்கள். பசை போன்ற அகர் இப்பாசியிலிருந்து எடுக்கப்படுகிறது. உணவுப் பண்டங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பயன்படுகிறது. அவர்கள் எடுக்கும் பாசி ஒன்றின் பெயர் மரிக்கொழுந்து. நிலக்கோட்டைப் பூச்சந்தையைக் கடந்து வந்த எங்களுக்குக் கடலுக்குள்ளும் மரிக்கொழுந்து உண்டு என்பது புதுச் செய்தி.

பாசி மீண்டும் வளர வேண்டுமென்று மாதத்தில் சில நாள்கள் மட்டுமே எடுப்பது, மீன்கள் இனம்பெருக்கும் பருவத்தில் அறவே எடுக்காமலிருப்பது என அவர்கள் தாமே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். இவ்வூரைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி என்னும் பாசி எடுக்கும் பெண்மணிக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு அதற்காகவே விருதளித்தது. ஆனால் தேசியப் பூங்கா என்றானபின், தம் பாட்டிமார் தங்கிச் சமைத்துண்ட தீவுகளில் இறங்க இவர்களுக்கு அனுமதியில்லை. சற்றுமுன் சீட்டு வாங்கிக்கொண்டு அதே வளாகத்துத் தீவொன்றில் உலாவி வந்தவர்கள் நாங்கள். தீவுகளைக் காக்கத்தான் சட்டம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் உப்பில் வெடித்த அந்த விரல்களைப் பார்த்தபின், கையிலிருந்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றியது.

அம்மையார் ஒரு பெண்ணின் நீச்சல் கண்ணாடியை வாங்கித் தம் கண்ணில் வைத்துப் பார்த்தார். "உள்ள பயமா இருக்காதா தாயி?" என்று கேட்டார். "உள்ள என்னக்கா பயம்? கரையிலதான் கடன்காரன் நிப்பான்" என்றார் அப்பெண். சுற்றி நின்றோர் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மூன்றாம் நாள் தனுஷ்கோடி. அரிச்சல்முனை வரைக்கும் 2017-இல் சாலை திறந்துவிட்டார்கள், பேருந்தே போகிறது. ஒருகாலத்தில் சென்னையிலிருந்து போட் மெயிலில் வருவோர் இங்கே கப்பலேறித் தலைமன்னார் போவர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் அந்நகரமே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் இரயில், நூற்றுக்கு மேற்பட்டோருடன் கடலுக்குள் போயிற்று. பிறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்பு. அங்கிருந்த நம் ஆலயத்தின் சுவர்கள் மட்டும், கூரையின்றி, இன்றும் நிற்கின்றன. பீடம் இருந்த இடத்தில் மணல். நாங்கள் முழந்தாளிட்டு, மாண்டோர்க்காக ஒரு பத்து மணி செபமாலை சொன்னோம்.

எழுந்தபோது அம்மையார் சுவரில் கைவைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. காரை உதிர்ந்த இடங்களில் உள்ளே இருந்த கல் தெரிந்தது. வெள்ளைக் கல், சிறுசிறு நட்சத்திரக் குழிகள். முந்தின நாள் கீழே போடச் சொன்ன அதே பவளம். ஒரு துண்டன்று, சுவர் சுவராக.

"இதையெல்லாம் யார் சாமி எடுக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமே இருந்தது. அதனால்தான் விடை சொல்வது கடினமாயிற்று. கருங்கல் கிடைக்கும் இடம் தொலைவு, பவளமோ காலடியில். வெட்டி அடுக்கினால் கல், சூளையிலிட்டால் சுண்ணாம்பு. கடல் குறையும் என்று அக்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. வீடு கட்டியோரும் அப்படியே எடுத்தனர். ஆலயம் கட்டியோரும் அப்படியே எடுத்தனர். பின்னர் ஆலைகளுக்காகவும் படகு படகாக வெட்டினார்கள். பவளத்திட்டு, தீவுக்கு முன் நின்று அலையின் வேகத்தைத் தாங்கும் மதில். மதிலை எடுத்த இடங்களில் அலை நேரே தீவைத் தின்றது. கீழக்கரைக்கு அப்பால் இருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடிக்கு அப்பால் இருந்த விலாங்குச்சல்லியும் இப்போது நீருக்கடியில். தூத்துக்குடிப் பக்கத்துக் காரைச்சல்லித் தீவு 1969-இல் ஐம்பது ஏக்கருக்கு மேல் இருந்தது. 2018-இல் பதினைந்து ஏக்கருக்கும் குறைவு. வான் தீவும் அவ்வழியே போக இருந்தபோது, 2015-க்குப் பின் சிமெண்டுக் கூடுகளை வரிசையாகக் கடலில் இறக்கி அலையை மறித்தார்கள். அது ஓரளவு தேறியது.

இவற்றையெல்லாம் அம்மையாருக்குச் சொன்னோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலைப் பற்றி நமது பங்கில் மூன்று ஞாயிறு தொடர்ந்து மறையுரை ஆற்றியிருக்கிறோம். ஆலைகள், புகை, நெகிழிப் பைகள் என்று பேசினோமே தவிர, நம் ஆலயச் சுவர் ஒன்று அதில் வரும் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஓட்டுநர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உறுதியாத்தான் கட்டியிருக்காங்க" என்றார். அதுவும் உண்மை. அந்தப் புயலுக்கும் விழாத சுவர்.

நான்காம் நாள் இராமநாதபுரம் திரும்பி, தொண்டி செல்லும் பேருந்தில் ஏறினோம். வழியில் தேவிபட்டினம். கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கும் அவ்விடத்துக்கு நவபாஷாணம் என்று பெயர். பழனி மலைமேல் உள்ள மூலவர் சிலையும் நவபாஷாணத்தால் ஆனது என்பது வழிவழிச் செய்தி. "மலை உச்சியிலயும் அதே பேரு, கடலுக்குள்ளயும் அதே பேரு" என்று ஓட்டுநர் வியந்தார். அவ்வழித்தடத்தில் அவர் வண்டி ஓட்டியதில்லை. ஆதலால் முதன்முறையாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார், தரையை மிதிக்கவில்லை.

காரங்காடு விலக்கில் இறங்கி ஊருக்குள் போனோம். மீனவர் ஊர், நம் மக்கள் மிகுதியாய் வாழும் ஊர். 2017 முதல் வனத்துறையும் ஊராரும் சேர்ந்து வருவோரைப் படகில் கடலுக்கு அழைத்துச் செல்கிறார்கள். படகோட்டுவோர் ஊர் இளைஞர்கள். மீன், நண்டு சமைத்துப் பரிமாறுவோர் ஊர்ப் பெண்கள். அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடும் கால்வாயில் படகு சென்றது. சேற்றிலிருந்து ஈட்டிமுனை போல மேல்நோக்கி நீண்ட வேர்கள். கிளைகளில் கொக்கும் நீர்க்காகமும். கால்வாய் முடிந்து பெண் கடல் விரிந்தது. மார்பளவு ஆழம்தான், அலை என்று சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே ஸ்னார்க்கலிங் என்னும் விளையாட்டு உண்டு. மிதவைச் சட்டை அணிந்து, கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி மாட்டி, வளைந்த குழாய் ஒன்றைப் பல்லால் கடித்து வாயால் மூச்சுவிட்டபடி, முகத்தை நீருக்குள் வைத்து மிதந்துகொண்டே அடியைப் பார்ப்பது. அம்மையார் மகளின் பழைய சுடிதார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அது பழனியிலேயே திட்டமிட்ட செயல் என்பது அப்போதுதான் விளங்கியது. முப்பத்திரண்டு ஆண்டுகள் மலைவளைவுகளிலும் மழையிலும் வண்டி ஓட்டியவரோ, படகின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "எனக்கு வேணாம்ப்பா, மூட்டையை யார் பாத்துக்கிறது?" என்றார். படகில் மூட்டை ஒன்றும் இல்லை.

அம்மையார் ஏணியில் இறங்கி, நீருக்கு மேலே சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார். முதன்முறை முகத்தை வைத்ததும் திணறி எழுந்தார். இரண்டாம் முறையும் அப்படியே. "மூக்கை மறந்துருங்கம்மா, வாயால மட்டும் விடுங்க" என்று அந்த இளைஞர் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் முறை வைத்த முகத்தை எடுக்கவேயில்லை. குழாயின் நுனி மட்டும் மேலே தெரிய, மெல்ல மெல்ல விலகிப் போனார். ஓட்டுநர் படகில் எழுந்து நின்று, "போதும், போதும்" என்று கூவினார். நீருக்குள் இருப்பவருக்கு அது எப்படிக் கேட்கும்?

நாமும் இறங்கினோம். ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால்தான் அந்தக் கண்ணாடியை மாட்ட முடியும் என்பதை முன்பே யோசிக்கவில்லை. நாம் கண்டதெல்லாம் பச்சை. முழுக்க முழுக்கப் பச்சை. நடுவே ஏதோ அசைவு. ஆகவே வாசக அன்பர்களுக்குக் கடலடியின் காட்சியை நாம் நேரில் கண்ட சாட்சியாக எழுத இயலவில்லை. அம்மையார் மேலே வந்து, முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூச்சு வாங்கச் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்:

"சாமி, கீழ வயல் இருக்கு. நம்ம நாத்தங்கால் மாதிரி, காத்தடிச்சா சாயுற மாதிரி சாயுது. உள்ள குஞ்சு மீனு கூட்டமா மேயுது. ஒரு நட்சத்திர மீனு, அஞ்சு கையும் விரிச்சு, சும்மா படுத்திருக்கு."

அது கடற்புல். பாசியன்று, வேரும் பூவும் உள்ள தாவரமே. கடற்பசு என்னும் பெரும் பிராணிக்கு அதுவே தீனி. இறால் குஞ்சுகளும் நண்டுக் குஞ்சுகளும் வளர்வதும் அதனுள்தான். பரமக்குடியைத் தாண்டியபோது, இங்கே சனங்கள் என்ன விதைக்கிறார்கள் என்று கேட்டவர் அவரே. விதைக்காமல் விளையும் இந்த வயலைத்தான் இக்கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாக அறுத்துவருகிறார்கள். இழுவைமடி போட்டு அடியோடு வாரினால் புல் வேரோடு வந்துவிடும் என்று அந்த இளைஞர் சொன்னார். தம் மாமன் வீட்டிலும் இழுவைப் படகு ஒன்று இருப்பதாகவும், சற்றுத் தயங்கி, சொன்னார்.

கரையில் நண்டுக் குழம்போடு சோறு. ஓட்டுநர் அதில் மட்டும் எங்கள் இருவரையும் மிஞ்சினார். ஊர் ஆலயத்தில் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, மாலைப் பேருந்தைப் பிடித்தோம். இராமநாதபுரத்தில் மாறி, மதுரையில் மாறி, மீண்டும் பழனி வண்டி. திண்டுக்கல்லைக் கடந்தபோது நள்ளிரவு. அம்மையார் கண்ணை மூடிச் சன்னலில் சாய்ந்திருந்தார். தலைமுடியில் உப்புப் பொரிந்திருந்தது. ஓட்டுநர் நம் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்:

"சாமி, உள்ள உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைன்னு சொன்னீங்களே, நெசமாவா?"

"ஆமாம், வெறும் பச்சைதான்."

"அப்ப நான் எறங்காதது ஒண்ணும் நட்டமில்லை."

"நீங்க கண்ணாடி போடறதில்லையே" என்றார் அம்மையார், கண்ணைத் திறவாமலே.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்த லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றது. ஓட்டுநரின் வலக்கால் தரையை ஒருமுறை அழுத்தி எடுத்தது.